இருபதாவது பெயர்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். சேர்க்கைப் பதிவேட்டில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்தாலே இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். நான் சேர்ந்த புதிதில் வங்கி, ஆசிரியர், ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்றுதான் எழுதுவேன். அறுநூறு பிள்ளைகள். சிபாரிசுக் கடிதத்தோடு பெற்றோர்கள் கம்பி ஜன்னலுக்கு வெளியே கால் கடுக்க நிற்பார்கள். நானும் மகாராணி கணக்காக உள்ளே உட்கார்ந்துகொண்டு, "அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்" என்று விரட்டுவேன்.

பிறகு ஊருக்கு வெளியே சுற்றுச்சாலை வந்தது. அதை ஒட்டி அடுக்குமாடிகள் எழும்பின. வங்கியும் மருந்துக்கடையும் அங்கே குடிபோனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட, அந்த அடுக்குமாடிகளைக் கட்ட எங்கிருந்தோ வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். என் கட்டத்தில் பெயின்டர், கம்பி கட்டுபவர், டைல்ஸ் பதிப்பவர், காவலாளி என்று நிரம்பியது. பிள்ளைகள் வீட்டில் வேறு மொழி பேசின. வகுப்பில் மூன்றே மாதத்தில் நம் மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறின.

வீடு மாறாத பழைய பெற்றோர்களும் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். டிசி வாங்க வந்தால் எல்லாரும் பாடுவது ஒரே பாட்டு. "வீடு மாத்திட்டோம் மேடம்." மாற்றியிருக்கவே மாட்டார்கள். "காலையில உங்க வீட்டு வாசல்ல பல்லு வெளக்கிட்டு நின்னீங்களே, அது யாரு, உங்க தம்பியா?" என்று ஒரு அப்பாவை எல்லார் முன்னாலும் கேட்டேன். மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று முழுக்க எனக்கு ஒரே குஷி.

என் மகள் எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள். அவளும் இங்கேதான் படித்தாள். ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் டைல்ஸ்காரரின் மகள். சரியான வாயாடி. இரண்டும் ஒட்டிக்கொண்டே திரியும். ஒருநாள் வீட்டில் படியேறும்போது என் மகள் அந்தப் பெண்ணின் மொழியில் ஒன்று, இரண்டு எண்ணினாள். என் கணவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

அதே வாரம் சுற்றுச்சாலைப் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். "இன்னுமா அக்கா அங்கயே படிக்க வைக்கிற? அங்க இப்ப யாரு படிக்கிறா?" என்றாள். 'என் பொண்ணு படிக்கிறாடி' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. திரும்பி வரும்போது, "பொண்ண மாத்திடலாம்" என்றேன். என் கணவரைக் குறை சொல்ல முடியாது. சொன்னது நான்தான்.

தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், சுற்றுச்சாலைக்கு இந்தப் பக்கமே இருந்த புதிய பள்ளியில் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். தங்கை வீட்டு மின்கட்டண ரசீதைக் காட்டி, நாங்களும் அங்கேதான் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். மகளின் டிசியை நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வீடு மாற்றம் என்று போட்டேன். கை கூசவில்லை. அதைப் பத்துப் பதினைந்து தாள்களுக்கு நடுவில் செருகி, தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன். அவரை நாங்கள் பெரியம்மா என்போம். நான் நீட்டுகிற எதையும் அவர் படித்துப் பார்த்ததில்லை. "நீ பாத்துட்டீல்ல, போதும்" என்று கையெழுத்துப் போடுவார். அன்றும் போட்டார்.

பத்து நாள் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளி திறக்கும் நாளில் ஆறாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்த வகுப்பை மூடிவிடுவார்களாம். பிள்ளைகள் சுற்றுச்சாலையைத் தாண்டி, லாரிகள் ஓடும் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் போக வேண்டும். பெரியம்மா விரல் விட்டு எண்ணினார். சரியாக இருபது பேர். அதில் என் மகளும் ஒருத்தி.

உடனே பெற்றோரைக் கூப்பிட்டார். பாதிப் பேர் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். டைல்ஸ்காரரின் மனைவி கையில் டிசி கேட்டு எழுதிய தாள் இருந்தது. வகுப்பை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கிறது. பெரியம்மா எழுந்து, "யாரும் அவசரப்படாதீங்க. எங்க ஆபீஸ் மேடம் இருக்காங்களே, அவங்க பொண்ணும் இங்கதான் ஆறாவது படிக்கப் போகுது. அவங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் சிரித்தேன். பல்லைக் காட்டி, நன்றாகவே சிரித்தேன்.

டைல்ஸ்காரரின் மனைவி தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "நீங்களே உங்க புள்ளைய இங்க விட்டிருக்கீங்க. அப்புறம் எனக்கென்னக்கா பயம்?" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

சொல்வதற்கு ஒரு மாத விடுமுறை முழுக்க இருந்தது. அதற்குப் பதில் என் மகள் இடத்துக்கு இன்னொரு பிள்ளையைத் தேடினேன். சாயங்காலம் சாயங்காலம் தடுப்பு வீடுகளில் படியேறி இறங்கினேன். "ஆறாவது சேர்ற வயசுல யாராவது இருக்காங்களா?" ஒரு காவலாளி தன் மகனைச் சேர்ப்பதாகச் சொன்னார். படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். பெரியம்மாவுக்கு என் அக்கறையைப் பார்த்து ஒரே பெருமை. "உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா போதும்" என்றார். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் காவலாளியை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பத்தோடு போய்விட்டார்.

திறப்பு நாளன்று கல்வி அலுவலர் வந்து எண்ணினார். பத்தொன்பது.

"உம் பொண்ணு எங்க? காய்ச்சலா?" என்று பெரியம்மா பதறிப்போய்க் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லு, எப்படியாவது கூட்டிட்டு வரச் சொல்லு. ஒரு தலைதான் குறையுது."

நான் டிசி புத்தகத்தைத் திறந்து அடிக்கட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதியைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பத்து நாளைக்கும் மேலே முந்தைய தேதி. அலுவலர் பக்கம் திரும்பி, "என் கையெழுத்துதான்" என்றார். பிறகு என்னிடம், "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னது அன்றுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே வகுப்பு மூடப்பட்டது. பத்தொன்பது டிசிகளையும் நான்தான் எழுதினேன்.

டைல்ஸ்காரரின் மனைவி கடைசியாக வந்தாள். மகளும் கூட வந்திருந்தது. வாயாடி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா இப்ப எங்கக்கா படிக்குது?"

சொன்னேன்.

"அங்க சேக்கணும்னா என்ன வேணும்?"

"அந்தப் பக்கம் வீடு இருக்கணும்."

"உங்களுக்கு அங்க வீடு இருக்கா?"

"என் தங்கச்சி வீடு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கம்பிக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். குத்திக் காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"அப்ப அந்த விலாசத்துலயே எம் பொண்ணு பேரையும் எழுதிக்கலாமாக்கா? ரெண்டும் ஒண்ணாப் போயிட்டு வரும். ரோட்டத் தாண்ட வேண்டாம். நாங்க யாரும் அந்த வீட்டுப் பக்கம்கூட வர மாட்டோம். அந்தக் கட்டடத்துக்கெல்லாம் டைல்ஸ் போட்டது இவ அப்பாதான். எந்த மாடின்னு சொன்னா அவருக்கே தெரியும்."

தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரசீது இன்னும் என் கைப்பைக்குள்தான் இருந்தது.

"அதெல்லாம் ரொம்ப கண்டிப்பு" என்றேன். "பொய் விலாசம் குடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் புள்ளைக்குத்தான் அசிங்கம்."

"அப்படியாக்கா? நல்லவேளை, முன்னாடியே சொன்னீங்க."

டிசியை வாங்கி, மகளின் பெயர் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணை ஜன்னலுக்கு நேராக இழுத்து நிறுத்தி, "மேடத்துக்கு நன்றி சொல்லு" என்றாள். அது சொன்னது.