ஒன்பது ரூபாய்க் கேமரா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை துக்கத்தில் பிறக்கவில்லை, ஒரு விலைப்பட்டியலில் பிறந்தது. சென்னைக் கேமராக் கடை ஒன்று 1936இல் அச்சிட்ட தாள் அது. பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து ரூபாய் மடக்குக் கேமராவுக்கு நேரே யாரோ பென்சிலால் குறி போட்டு, அதை அழித்து, ஒன்பது ரூபாய்ப் பெட்டிக் கேமராவுக்கு நேரே போட்டிருந்தார். அழித்த கையின்மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் எழுதுகிறவன் சும்மா இருப்பானா? அந்தக் கைக்கு ஓர் ஆளைத் தேடினேன்.

2

குற்றாலத்தில் சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதக் காலையில்...

(வேண்டாம். குற்றாலம் என்றாலே எல்லார் பேனாவிலும் சாரல்தான் முதலில் விழுகிறது. இந்தக் கதைக்கோ அது எதிரி.)

வல்லிநாயகம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய தென்காசி வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, மாலை போட்டு, கண் மூடி. உயிரோடு இருக்கையில் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் பேச்சு. செத்தபிறகு குறைய என்ன இருக்கிறது? அதனால் ஸ்டூடியோ பால்வண்ணநாதன் மூன்றுகால் ஸ்டாண்டும் கறுப்புத் துணியுமாகத் தெருவில் நுழைந்தாலே, "யாரு வீட்ல?" என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவது பிள்ளை இசக்கிக்கு மூன்று வயது. சளி கட்டி, விட்டு விட்டுக் காய்ச்சல். முதல் இரண்டுக்கும் இப்படித்தான் தொடங்கி ஆடியில் முடிந்தது.

"இவனையாவது கண்ணு முழிச்சிருக்கயில ஒரு படம் எடுத்துரணும்" என்றாள் மனைவி பேராச்சி. "அந்த அண்ணாச்சி நம்ம வாசப்படி ஏறப்பிடாது. நீங்களே எடுங்க. பைக்குள்ள அடங்குத மாதிரி ஒண்ணு வாங்குங்க. தெருவுக்குத் தெரியாண்டாம்."

3

[இங்கே ஒரு குறிப்பு. காய்ச்சல் என் கைவேலை. பட்டியலில் அது இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதையாக்க ஒரு பிள்ளையைப் படுக்கையில் தள்ளியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.]

வல்லிநாயகம் யோசனை கேட்கப் போனது பால்வண்ணநாதனிடமே. ஊரில் வேறு யாருக்குக் கேமரா தெரியும்?

"மடக்குததை வாங்கும்வே" என்றார் அவர். "சட்டைப்பையில கெடக்கும். மேகமூட்டத்திலயும் சட்டுனு புடிச்சிரும்."

"பெட்டி?"

"பிலிம் சுருள் ரெண்டுக்கும் ஒண்ணுதான். எட்டுப் படம், உள்ளங்கை அகலம். ஆனா பெட்டிக்கு வெயில் வேணும். வெளிச்சம் இல்லன்னா விசையத் திறந்து வச்சிட்டு நாலு எண்ணணும். அதுவரைக்கும் பிள்ள அசையப்பிடாது."

வல்லிநாயகத்தின் சம்பளம் பதினெட்டு ரூபாய். (செங்கோட்டைக்கு மேற்கே தேயிலைத் தோட்டத்தில் ஒரு மைத்துனனை வைத்து, அவன் மணியார்டர் அனுப்புவதாக இரண்டு வரி எழுதியும் பார்த்தேன். அப்படி ஒரு மைத்துனன் இருந்திருந்தால் அந்தக் குறியை யார் அழித்திருப்பார்கள்? அடித்துவிட்டேன்.) பெட்டிதான் வந்தது.

அதைச் சோற்றுத் தூக்கோடு துணிப்பையில் வைத்து அன்றாடம் பஸ்ஸில் கொண்டுபோனார். தென்காசியில் வண்டி நிற்கும் கால் மணி நேரத்தில் வெயில் அடித்தால் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கணக்கு. டிக்கெட் கிழித்தபடியே வானத்தைப் பார்த்தார். பதினொரு நாள் வெயில் வரவில்லை. பிள்ளையின் கன்னம் வற்றிக்கொண்டே வந்தது.

4

பன்னிரண்டாம் நாள் அவர் பொறுக்கவில்லை. இசக்கியை ஜன்னலோரம் உட்கார வைத்து, கேமராவை ஸ்டூலில் வைத்து, விசையைத் திறந்தார்.

"ஏலே, அசையாதல. ஒண்ணு... ரெண்டு..."

இசக்கி இருமினான். அடுத்ததற்குக் கேமராவைப் பிடிக்க வந்தான். அடுத்ததற்கு அம்மாவைத் தேடினான். எட்டும் தீர்ந்தது.

சுருளைக் கழுவிய பால்வண்ணநாதன் ஒரே ஒரு படத்தைத்தான் அச்சுப் போட்டுக் கொடுத்தார். "மத்த ரெண்டு பிள்ளையளும் எவ்வளவு தெளிவா விழுந்திருந்துது! இவன் ஆட்டிட்டான்வே." தொழில்காரராகச் சொன்னார், மனதில் ஒன்றும் இல்லை. வல்லிநாயகம் இரண்டு விலையையும் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். இன்னும் இருபத்தாறு ரூபாய் இருந்திருந்தால் மகனுக்கு ஒரு முகம் இருந்திருக்கும்.

5

முடிவு ஒன்று: படத்தைச் சிற்றாற்றுப் பாலத்தில் கிழித்துப் போட்டுவிட்டு, சுருள் கெட்டுப்போனது என்று மனைவியிடம்...

முடிவு இரண்டு: பேராச்சி படத்தைப் பார்த்து அழுது, அவர் அவளை...

இரண்டையும் விட்டுவிட்டேன். இந்த மனிதருக்குப் பொய் வராது, அவளுக்கு அழுகை மிச்சமில்லை. அவர் படத்தை நீட்டினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். ஒரு கைக்கு ஏழெட்டு விரல்.

"மூஞ்சியே தெரியலட்டி" என்றார்.

அவள் ஜன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"அசைஞ்சிருக்கான்" என்றாள். "அவுக ரெண்டு பேரும் அசையலயே."

அந்தப் படத்தை அவள் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் மாட்டவில்லை. எதிர்ச்சுவரில் ஆணி அடிக்கச் சொன்னாள்.

6

பிள்ளை பிழைத்தானா என்று கேட்பீர்கள். படுக்கையில் போட்டவன் நான், எழுப்பவேண்டியவனும் நான்தான். இரண்டு முறை எழுப்பினேன். இரண்டு முறையும் என் மனச்சாட்சிக்காக எழுப்பியதாகவே இருந்தது. மற்றதை எழுதக் கை வரவில்லை.

கதையில் இன்று ஆனி இருபத்தெட்டு. ஆடி முழுவதும் மீதி இருக்கிறது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் மாட்டேன்.