ஏழு பட்டை

உப்பு லாரி ஓட்டும் ஞானசௌந்தரிக்கு, வண்டியில் ஏறுமுன் முன்சக்கரத்துக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் தகட்டுக்கும் இடையே கையை நுழைத்துப் பார்ப்பது வழக்கம், நான்கு விரல் புகுந்தால் கிளப்புவாள், புகாவிடில் மூட்டை இரண்டை இறக்கச் சொல்வாள், இன்றோ கை நுழைக்கச் சக்கரமே இல்லை, நயினாரின் பட்டறையில் முன் அச்சு மரக்கட்டைகளின்மேல் அமர்ந்திருக்கிறது, வண்டியின் பாரம் தாங்கும் வளைந்த இரும்பு வில்பட்டைகள் கழற்றித் தரையில் கிடக்கின்றன, பக்கத்துக்கு ஐந்து, அவற்றுள் ஒன்று முறிந்தது, அந்த முறிவின் பளபளப்பைப் பார்த்தவுடன் உப்பளத்து வெயில் அவள் கண்ணில் அடிக்கிறது, தலையில் மூட்டையோடு அவள் நடக்கிறாள், முன்னால் செல்லக்கனி நடக்கிறாள், பதினோராண்டு அப்படித்தான் நடந்தார்கள், லாரிப் பலகை நெற்றிக்கு நேரே நிற்கும், சுமையை அதற்கும் மேலே எம்பித் தள்ளவேண்டும், தள்ளித் தள்ளித் தோள் இற்றுப்போகும், ஆகவே சொந்தமாக வண்டி வாங்கியதும் முதல் வேலையாக இங்கேதான் கொண்டுவந்தாள், பட்டையில ரெண்டு ரெண்ட உருவிருங்க நயினாரே, உருவினா தொய்யும் மைனி, தொய்யட்டும், அதுக்குத்தான உருவச் சொல்லுதேன்.

வண்டி ஒரு சாண் இறங்கியது, எம்பாமலே மூட்டையைப் பலகையில் சாய்த்துவிட்டுச் செல்லக்கனி சிரிக்கிறாள், ஏளா ஞானம், லாரியையே குனிய வச்சிட்டியே, இனி ஒன் மாப்பிள்ளை எம்மாத்திரம், அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே சென்ற மாதத்து வரப்பு இறக்கம் வந்துவிடுகிறது, அன்று மூன்று விரல்தான் புகுந்தது, அறுபது மூட்டை குறையக்கூடாது என்று உப்பளத்து முதலாளியான அளக்காரர் சொல்லியிருந்தார், போதும் என்று கிளப்பினாள், இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்னே வந்தது, பட்டை முறிந்தது, வண்டி சாய்ந்தது, மேலிருந்து சரிந்த மூட்டை பக்கத்தில் நடந்துவந்த செல்லக்கனியின் தோளெலும்பை ஒடித்தது.

கம்பெனியில வந்தப்ப இருந்த ஒசரத்துக்கே ஏத்திருவோம் மைனி, பழையபடி ஏழு பட்டை, புதுப் புஷ்ஷு, அறுபது மூட்டையும் அலுங்காமப் போவும், என்கிறார் நயினார், கையைத் தூளியில் தொங்கவிட்டுப் பழைய டயரின்மேல் உட்கார்ந்திருக்கும் செல்லக்கனி, ஒடிஞ்சது எந் தோளு, நீ எதுக்குளா மூஞ்சிய ஒடிச்சு வச்சிருக்க, என்று கேட்டுவிட்டுச் சற்றே தணிந்த குரலில், கட்டு அவுத்த பெறவும் அந்த ஒசரத்துக்கு இது எம்பாது, நீ என்னயப் பாக்காத, என்கிறாள்.

ஞானசௌந்தரி அவளைத்தான் பார்க்கிறாள், பிறகு நயினாரிடம், ஏழையும் போட்டு வளைவ மட்டும் கொறைச்சா, என்று கேட்கிறாள், அவர் ஒரு பட்டையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவை அளக்கிறார், கொறைக்கலாம், முறியாது, ஆனா அச்சு மேல எழும்ப எடம் பத்தாது, அறுபது ஏத்தினா சட்டத்துல போயி இடிக்கும், தாழ்வும் வேணும் பாரமும் வேணும்னா நடக்காது மைனி, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

அறுபது ஏற்றாத வண்டிக்கு அளக்காரர் நடை கொடுக்கமாட்டார், வேறு அளம் தேடவேண்டும், தேடுவதென்றால் இந்தக் கரை முழுக்க அளங்கள்தாம், ஏழையும் போடுங்க, வளைவக் கொறைச்சிருங்க, ஒசரம் இந்தத் தாழ்வுலயே இருக்கட்டும், நான் இனி நாப்பது மூட்டைக்கு மேல ஏத்தப்போறதில்ல, என்கிறாள் ஞானசௌந்தரி.