தம்பி மாட்டிய பூட்டு

"சுவிட்சப் போடட்டுமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"போடலாம். ஆனா, தொங்குதே, அந்தப் பூட்டு யாரோடது?" என்றார் தேர்வாளர்.

மெயின் சுவிட்சின் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டு. அக்காவின் பூட்டு அவளுடைய கோட்டுப் பையில் இருந்தது. தொங்கியது தம்பியுடையது.

அந்த லேபில் இயந்திரத்தைத் தொடுகிறவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, ஆளுக்கொரு பூட்டு மாட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். முடித்ததும் அவரவரே கழற்ற வேண்டும். பூட்டு தொங்கினால், மாட்டியவரின் கை இன்னும் இயந்திரத்துக்குள் இருக்கிறது என்று பொருள்.

மோட்டாரின் சுழல் வேகத்தை அளக்கும் வேகமானியை வாங்கிவரத் தம்பி மாடிக்குப் போயிருந்தான். போகிற அவசரத்தில் பூட்டை மறந்துவிட்டான்.

இருவரும் ஒரே வகுப்பு, தேர்வுக்கும் ஒரே குழு. அக்கா இந்தச் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றதால், பின்னால் படித்துவந்த தம்பி அவள் வகுப்புக்கே வந்து சேர்ந்துவிட்டான். அவன் தோற்றால் மறுபடி எழுதலாம். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் கல்லூரியை விட்டே போக வேண்டும். மோட்டார் மெதுவாகக் கிளம்பி, பிறகு முழு வேகம் பிடித்துக் கன்வேயர் பெல்ட்டை இழுக்க வேண்டும். ஒயரிங் முடிந்துவிட்டது. ஓட்டிக் காட்டினால் போதும்.

லேபுக்குப் பொறுப்பான லேப் சார் தன் போனில் தம்பியைப் பிடித்து அவளிடம் கொடுத்தார்.

"எங்கடா இருக்க?"

"லிஃப்ட்லக்கா."

"அங்க என்னடா பண்ற?"

"நின்னுக்கிட்டிருக்கேன். லிஃப்ட்டும் என்கூட நின்னுக்கிட்டிருக்கு."

அக்கா ஓடினாள். லேப் சாரும் பின்னாலேயே வந்தார். லிஃப்ட் தளத்துக்குச் சற்றுக் கீழே நின்றுபோயிருந்தது. கதவிடுக்கில் தம்பியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்காராம்," என்றார் லேப் சார்.

"கட்டடம் முழுக்க மோட்டாரப் பத்தியே படிக்கிறோம். ஒரு லிஃப்ட்டத் திறக்க ஆளில்லையா சார்?"

"படிக்கிறவங்க இருக்காங்கம்மா. லைசென்ஸ் வச்சிருக்கவங்கதான் இல்ல."

"அக்கா, திட்டாத. சாவியத் தள்ளுறேன், புடி," என்றான் தம்பி.

சாவியோடு ஓடி வந்தவளைத் தேர்வாளர் கையை நீட்டித் தடுத்தார்.

"சாவி வந்தாப் போதாதும்மா. ஆள் வரணும்."

"அவன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான் சார். லேப் சாரும் பார்த்தாரு."

"மூக்கைப் பார்த்தேன் சார். அது அவன் மூக்குதான்," என்றார் லேப் சார்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு லிஃப்ட்ல இருக்கான்னு நான் திறக்க விட்டேன்னு வைங்க. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல, அவன் டீ குடிக்கத்தானே போயிருக்கான்னு யாராவது திறப்பாங்க. அன்னைக்கு உள்ள கை இருக்கும். திறந்தீங்கன்னா இப்பவே ஃபெயில்."

"திறக்கலேன்னா?"

"ஓட்டிக் காட்டலேன்னு ஃபெயில்."

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வு முடிய மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன.

"கொஞ்ச நேரம் சேர்த்துக் கொடுங்களேன் சார். பொண்ணுக்கு இதுதான் கடைசி," என்றார் லேப் சார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. வெளிய அடுத்த குழு நிக்குது. நேரத்த மாத்துற அதிகாரம் என்கிட்ட இல்ல."

அக்கா சுவிட்சின் பக்கத்தில் போய் நின்றாள். சாவி கையிலேயே இருந்தது. திறப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது. தேர்வாளர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கும்வரை மூவரும் அப்படியே நின்றார்கள்.

அதன் பிறகுதான், மெக்கானிக் வந்து லிஃப்ட்டைத் திறந்துவிட, தம்பி வேகமானியோடு மூச்சிரைக்க வந்தான். "சாவியக் கொடுக்கா, திறக்கிறேன்!"

"பூட்டு இருக்கட்டும்பா," என்றார் லேப் சார் மெல்ல. "ரெண்டு பேரும் ஒயரைக் கழட்டிடுங்க. அடுத்த குழுவுக்கு பேனல் காலியா வேணும்."

தம்பி தேர்வாளரைப் பார்த்தான். அவர் எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டிருந்தார்.

அக்கா திருப்புளியை எடுத்தாள். காலையிலிருந்து இறுக்கிய திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

"ஓடியிருக்கும்லக்கா?"

"தெரியலடா."

"நீ பண்ணினது. ஓடாம எங்க போகும்?"

"போன தடவையும் ஓடும்னுதான் நினைச்சேன்."

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நீ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டதச் சொல்லு. சிரிப்பாங்க."

"சிரிச்சு முடிச்சப்புறம்?"

அக்கா அடுத்த திருகில் திருப்புளியை வைத்தாள். அது இரண்டு முறை நழுவியது.

"அந்த ஒயரப் புடிடா, கீழ விழுது," என்றாள்.