பழைய விதி

பெனடிக்றைப் பழிவாங்க, நான் எழுதிய ஒரேயொரு விதியை அழித்தால் போதும்.

இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து பேசாலைக்குத் திரும்பிய எங்கள் ஆட்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கோயில் பதிவில் ஞானஸ்நானத் திகதி மட்டும் இருந்தது. அதனால் என் மென்பொருள் நூலகத்தில் இப்படி வைத்தேன்: பிறந்த திகதி வெறுமையென்றால் ஞானஸ்நானத் திகதியை எடு, அதுவும் இல்லையென்றால் ஜனவரி முதலாம் திகதி. யாரும் தங்கள் புரோகிராமில் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டேன். பெனடிக்ற் அதை அப்படியே எடுத்து மீனவர் சங்கத்துக்கு ஒரு புரோகிராம் செய்தான். திறப்பு விழாவில் பொன்னாடை அவனுக்கு. என்னைக் காட்டி, “இவ தட்டச்சுச் செய்யிற பிள்ளை” என்றான். மூன்று வருடமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

இப்போது என் நூலகத்தைத் தன் ஊர்ப் பதிவுக்கு எடுத்திருந்த அப்துல் றசாக் எருக்கலம்பிட்டியிலிருந்து எழுதியிருந்தார்: “தங்கச்சி, எங்கட ஆக்களுக்கு ஞானஸ்நானம் ஏது? உங்கட விதி நாற்பது பேரை ஜனவரி ஒண்டில பிறக்க வைச்சிருக்கு. வெறுமையெண்டா வெறுமையாவே விடுங்கோ.”

நியாயம்தான். விதியை அழித்தால் நூலகமும் எளிமையாகும். பெனடிக்றின் புரோகிராம் தினமும் காலையில் என் புதிய பதிப்பைத் தானாக இழுத்துக்கொள்ளும். மறுநாளே வெறுமையான திகதிகளில் இடறிப் படுத்துவிடும், அவனுக்குத் திருத்தவும் தெரியாது. அவன் முழிக்கப்போகும் முழியை நினைத்ததில் மீன்குழம்புக்கு ஒரு பிடி சோறு கூடவே இறங்கியது.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

“அவனில கோவமெண்டா அவனுக்குச் செய்” என்றார். “திங்கக்கிழமை சங்கத்தில புது வலை குடுக்கினம். எனக்கும் ஞானஸ்நானத் திகதிதான் கிடக்கு. அந்தப் புரோகிராம் படுத்து, பட்டியலில என்ர பெயர் விழாட்டி ஆருக்கு நட்டம்?”

விதியை அழிக்க ஓங்கிய கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

றசாக்குக்குப் புதிய விதியைத் தனியாக எழுதினேன். பழையதை அழிக்கவில்லை. அது வேலை செய்யும்போதெல்லாம் திரையில் ஒரு வரி வரும்படி மட்டும் செய்தேன்: “இது பழைய விதி. எழுதியவர் நீக்கிலாஸ் ஜெனிஸ்ரா, பேசாலை.”

பெனடிக்ற் தன் பெருமைக்கு, புரோகிராம் ஓடுவதைக் காட்டச் சங்கச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில், திங்கட்கிழமை வலைக்கு நின்ற சனமெல்லாம் அதை வாசித்தது. உடனே போன் எடுத்தான்.

“ஜெனிஸ்ரா, அந்த வரியை எடுத்துவிடும்.”

“விதியோட சேத்துத்தான் எடுக்கலாம். எடுக்கட்டோ?”

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு கிழவர் கேட்டார்: “தம்பி, இது உம்மட தட்டச்சுப் பிள்ளையெல்லோ?”

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.