ஒன்பது அட்டைகளின் படம்

லிங்கநகர் வீட்டில் பொதியை இறக்கிய பிறகுதான் கடை ஃபோன் இல்லையென்று லக்சனாவுக்குத் தெரிந்தது. புல்மோட்டையில் பாரைக் கருவாடு எடுத்துக்கொண்டு வந்த பஸ்ஸில் விட்டிருக்க வேண்டும். அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தாள். யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

ஃபோன் போனது பெரிதல்ல. அதற்குள் ஒன்பது பேருடைய வங்கி அட்டைகளின் படம் இருந்தது, முன்பக்கமும் பின்பக்கமும். கருவாடு விற்கும் அவளுடைய இணையக் கடையில் பணம் கட்டவென்றே ஒரு பக்கம் உண்டு. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்க்காரருக்கு அது கரைச்சல். நம்மட ஊர்ப் பிள்ளைதானே, நீயே போட்டுவிடு என்று அட்டையைப் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுத்தால் கோபிப்பார்களென்று அவளும் அந்த நம்பரை அடித்துக் கொடுப்பாள். பொதி கட்டும் மூன்று பெண்களும் பாவிக்கட்டுமென்று ஃபோனுக்குப் பூட்டும் வைக்கவில்லை.

தன் சொந்த ஃபோனில் ஸுஹைரை அழைத்தாள். கிண்ணியாவில் இருந்துகொண்டு கடைத் தளத்தைச் செய்து கொடுத்தவன் அவன். முதலில் சிம்மை நிறுத்தச் சொன்னான். கடையின் கடவுச்சொல்லை மாற்றினான். பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினான். ஓடர்களும் முகவரிகளும் கடைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அட்டையின் முழு நம்பர் அங்கே கிடையவே கிடையாது. பணம் கட்டும் பக்கம் கடையைப் போலத் தெரிந்தாலும் அது வங்கியின் பக்கம். அடிக்கிற நம்பர் யாருக்கும் விளங்காத எழுத்துகளாக மாறி நேரே வங்கிக்குப் போகிறது. கடைக்குத் திரும்பி வருவது ஒரு அடையாளக் குறியும் கடைசி நாலு இலக்கமும் மட்டும்.

"துறைமுக வாசலில ஐடியை வாங்கி வச்சுக்கொண்டு ஒரு பாஸ் தாறாங்கதானே. அந்தப் பாஸை றோட்டில கண்டெடுத்தவன் என்ன செய்ய ஏலும்? உங்கட கடையில இருக்கிறது பாஸ். நீங்க ஃபோனில வச்சிருந்தது ஐடி."

ஒன்பது பேருக்கும் அவளே சொல்ல வேண்டும், இப்போதே, என்றான்.

கடையின் பாதி வியாபாரம் அந்த ஒன்பது பேர்தான். சொல்லாமல் விட்டால் ஒருவேளை ஒன்றும் நடக்காது. நடந்தால்?

பழைய ஓடர்களில் இருந்த நம்பர்களைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தாள். லண்டன்காரர் ஒருவர் பாதியிலேயே அழைப்பை வெட்டிவிட்டார். மற்றவர்கள் அட்டையை நிறுத்துவதாகச் சொன்னார்கள். ஓடரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. கடைசியாக ரொறன்ரோவில் பூரணி அக்கா, எல்லாரையும்விடக் கூடுதலாக வாங்குகிறவள்.

"இவ்வளவு நாளும் படத்தை அழிக்காமலோ வச்சிருந்தனி?"

"ஓம் அக்கா. என்ர பிழைதான்."

பூரணி அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். அரை மணியில் திரும்ப எடுத்தாள். "என்ர பாங்க் காட்டை நிறுத்திப்போட்டன். என்ர மனுசன், இவற்ற காட் இருக்கு. பணம் கட்டுற அந்தப் பக்கத்தை அனுப்பு, நானே அடிக்கிறன். நீ இதை ஒளிச்சிருந்தால் உன்ர கடைப் பக்கமே திரும்பியிருக்கமாட்டன்."

லக்சனா அனுப்பினாள். அக்கா ஃபோனை வைக்காமலே கண்ணாடியைத் தேடினாள், ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்தாள், கருவாடு வாங்கக் கப்பல் ஓட்டப் படிக்க வேண்டியிருக்கு என்று புறுபுறுத்தாள். பிறகு குரலில் ஒரு உற்சாகம். "இவற்ற ஃபோனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கு. எழுதிக்கொள் பிள்ளை. நாலு, ஏழு..."

"நிப்பாட்டுங்கோ அக்கா. எனக்கும் சொல்லக்கூடாது."

"பின்ன ஆருக்குச் சொல்லுறது?"

"ஒருத்தருக்கும் இல்லை. அந்தப் பெட்டிக்குள்ள மட்டும் போடுங்கோ."

லக்சனாவின் மடிக்கணினியில் புது ஓடர் ஏறியது: பாரைக் கருவாடு, இரண்டு கிலோ, பணம் கட்டியாயிற்று.

"இப்ப உனக்கு இவற்ற காட் நம்பர் தெரியுதோ?"

"கடைசி நாலு இலக்கம்தான். மற்றதெல்லாம் நட்சத்திரம்."

"அப்ப சரி," என்றாள் பூரணி அக்கா. "இனி உப்பு கூடினால் மட்டும்தான் உனக்குப் பேச்சு விழும்."