கிடைக்காதவர்களின் பட்டியல்

1

இது ஒரு பாராட்டுக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. எங்கள் வெப்சைட்டில் தேடுவதற்காக ப்ளகின் என்கிற ஒரு சின்ன சாப்ட்வேரைச் சேர்த்திருக்கிறோம். பிடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள் என்று அதைச் செய்தவர்கள் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். "நீங்களே எழுதுங்க மாமா" என்றாள் மருமகள். உட்கார்ந்தேன்.

"ஐயா, உங்கள் ப்ளகின் நன்றாக இருக்கிறது. அது வந்த பிறகு எங்கள்"

அங்கேயே நின்றுவிட்டது. அது வந்த பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல, வருவதற்கு முன்னால் நான் எவ்வளவு மடையனாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அது நாலு வரியில் அடங்காது. கட்டத்தை மூடிவிட்டு நோட்டை எடுத்தேன்.

2

"நான்" என்று எழுதினால் பேனா தானாக நம் பக்கம் சாய்கிறது. இரண்டு பக்கம் எழுதிப் படித்தேன். அதில் நான் பெரிய அறிவாளி. கிழித்துப் போட்டேன். இனி அந்த ஆளை மெக்கானிக் என்றே சொல்கிறேன்.

மெக்கானிக்கின் வேலை, மூச்சுத் திணறுகிறவர்கள் வீட்டில் வைத்திருக்கும் ஆக்சிஜன் மெஷினைப் பழுது பார்ப்பது. முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும், தெரிந்ததையெல்லாம் குறிப்பாக எழுதினார். மருமகள் வெப்சைட் கட்டித் தரும் தொழில் செய்கிறவள். அவருக்கும் ஒன்று கட்டி எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள்.

(எழுத்தில் மெஷின் என்று போட்டால் மரியாதை இல்லை என்று எல்லா இடத்திலும் "கருவி" என்று எழுதினார். வாயைத் திறந்து ஒருநாளும் கருவி என்று சொன்னவர் இல்லை.)

3

"இப்ப இருக்கிற தேடல் சரியில்ல மாமா. தலைப்பை மட்டும்தான் பாக்குது. வேற ஒண்ணு போடணும்."

"யாரு சொன்னா? நகரு."

மெக்கானிக் ஒற்றை விரலால் "ஓட்டக் குறைவு எச்சரிக்கை" என்று தட்டினார். வந்தது. "வடிகட்டி அடைப்பு" என்று தட்டினார். அதுவும் வந்தது.

"பாத்தியா? கூப்பிட்டதும் வந்து நிக்குது."

"உங்களுக்கு வரும். தலைப்பு வெச்சதே நீங்கதானே."

உள்ளறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "தான் ஒளிச்சு வெச்சதைத் தானே கண்டுபிடிச்சுட்டாராம். கை தட்டும்மா!"

மருமகள் இரண்டு ப்ளகின் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று, எழுதியதையெல்லாம் வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ கொண்டுபோய் அங்கிருந்து தேடித் தரும்.

"என் எழுத்து எவன் வீட்டுலயோ போய் எதுக்கு உக்காரணும்? வேண்டாம்."

இன்னொன்று நம் இடத்திலேயே இருந்துகொண்டு குறிப்புகளின் உள்ளே துழாவும். கூடவே, யார் எதைத் தேடிக் கிடைக்காமல் போனார்கள் என்று பட்டியலும் தரும்.

"அடுத்தவன் ஜன்னல்ல எட்டிப் பாக்கற வேலையா? அதுவும் வேண்டாம்."

"ஆளு யாருன்னு வராது மாமா. பேரு இல்ல, ஊரு இல்ல. கேட்ட வார்த்தையும் நேரமும் மட்டும்தான். ஒரு வாரம் பாருங்க, பிடிக்கலன்னா எடுத்துடறேன்."

"பேரு ஊரு ஒண்ணும் வரக் கூடாது. சொல்லிட்டேன்."

(இந்த இடத்தில் மருமகள் கெஞ்சினாள் என்று முதலில் எழுதியிருந்தேன். சுத்தப் பொய். அவள் முந்தின நாளே போட்டுவிட்டுத்தான் கேட்டாள்.)

4

ஒரு வாரம் கழித்துப் பட்டியலை வாசித்தாள். தொண்ணூறு பேர் வெறுங்கையோடு போயிருந்தார்கள். மெக்கானிக் சிரித்துக்கொண்டே கேட்டார். "மெஷின் இருமுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிறகு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது.

2:10 — மெஷின் கத்துது
2:11 — மெஷின் கத்துது நிக்கல
2:13 — அப்பாக்கு வெச்ச மெஷின் கத்துது என்ன பண்ண
2:14 — யாராவது சொல்லுங்க

நாலுக்கும் எதிரே ஒரே பதில்: எதுவும் கிடைக்கவில்லை.

பதில் முப்பத்தேழாவது குறிப்பில் இருந்தது. கட்டில் காலோ நாற்காலிக் காலோ குழாயை மிதித்துக்கொண்டிருக்கும், காற்று போகாமல் மெஷின் கத்தும், எடுத்துவிட்டால் போதும். இருபது விநாடி வேலை. அதற்குத்தான் "ஓட்டக் குறைவு எச்சரிக்கை" என்று தலைப்பு வைத்திருந்தார். உள்ளேயும் மெஷின் என்றோ கத்துது என்றோ ஒரு வார்த்தை இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல மாமா. அதோட நின்னுடுச்சு."

"போன் போட்டுக் கேளு."

"யாருக்குப் போட? பேரு ஊரு வரக் கூடாதுன்னு சொன்னது யாரு?"



5

கதைக்கு முடிவு வேண்டுமே. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 2:15-க்கு யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மெஷின் அடங்கியது. அப்பா, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்.

இரண்டாவது: 2:15-க்கு அந்த அறையில்

(இதை முடிக்க மாட்டேன்.)

மூன்றாவது: ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வீடு தேடி வருகிறாள். "அந்தச் செவ்வாய்க்கிழமை நான்தாங்க" என்கிறாள். எல்லோரும் அழுகிறார்கள். மூன்று நாள் இதுதான் முடிவு என்று இருந்தேன். அப்புறம் பார்த்தால், அதில் அவள் மெக்கானிக்கைக் கும்பிடுகிறாள். யார் யாரைக் கும்பிட வேண்டும்? அடித்துவிட்டேன்.

6

நடந்தது இவ்வளவுதான். அந்த ப்ளகினில், இன்னதைத் தேடினால் இன்னதைக் காட்டு என்று சொல்லிக்கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. இரண்டு மாதம் மாமனாரும் மருமகளும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"'கத்துது'ன்னு போட்டா முப்பத்தேழைக் காட்டு."

"'அலறுது'?"

"அதுக்கும்."

"'கூவுது'?"

"எவன் எழுதினான் கூவுதுன்னு? அது என்ன சேவலா?"

"பயத்துல எழுதறாங்க மாமா."

"...சரி. காட்டு."

எல்லாக் குறிப்பிலும் "கருவி"யை எடுத்துவிட்டு மெஷின் என்று போட்டார்கள். முப்பத்தேழின் தலையில் புதிதாக ஒரு வரி வந்தது: "முதலில் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுங்கள். பிறகு படியுங்கள்."

போன மாதம் முப்பத்தொரு பேர் "கத்துது" என்று தேடினார்கள். முப்பத்தொரு பேருக்கும் கிடைத்தது. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது நான் இல்லை, மருமகள்கூட இல்லை. அந்த மத்தியானம் நாலு நிமிஷம் நின்று தட்டிவிட்டுப் போனாரே, அவர். இத்தனை வருஷத்தில் என் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு விலாசம் இல்லை.

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது இருக்கலாம். அது நீங்களாக இருந்தால், எங்கள் தேடல் பெட்டியில் "அப்பா நல்லா இருக்கார்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் என்னைத் திட்டி எழுதுங்கள். எதை எழுதினாலும் "எதுவும் கிடைக்கவில்லை" என்றுதான் வரும். அதை நம்பாதீர்கள். திங்கட்கிழமை காலை மருமகள் பட்டியலை வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.