ஒரே பக்கம் பார்ப்பவர்கள்

…அவசரப்படாதீர்கள் சார், அந்தப் படத்தில் கொஞ்சம் நில்லுங்கள், அந்தக் கழுத்துக்கு ஒரு முழு ரப்பர் தேய்ந்தது என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள், ஆனால் தாடிக்கார டிசைனர் செய்தித்தாள் விளம்பரங்களைத் தள்ளுவதுபோல அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார், பக்கத்தில் அவருடைய மேலதிகாரியம்மா டீக் கோப்பையை வைக்க இடம் தேடினார், ஐயோ, படத்தின் மேலேயே வைத்துவிடுவாரோ… ஓவியக் கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் இந்த அலுவலகம் பயிற்சிக்கு எடுக்கும், வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி வெறுங்கையால் போட்ட கோடு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும், அவளுக்கு இன்றைக்குக் காய்ச்சல் வந்திருக்கக் கூடாதா, சீ, என்ன புத்தி இது… கையை எங்கே வைப்பது, மேசைமேல் வைத்தால் நகமெல்லாம் கரி, மடியில் வைத்தால் துப்பட்டாவிலும் அது ஒட்டும்.

"ஏம்மா, உன் படத்துல எல்லாரும் இடது பக்கமே பார்க்கிறாங்களே, அங்க அப்படி என்ன வேடிக்கை?" என்றார் தாடிக்காரர். "சும்மா இருங்க சார், வலது கைக்காரங்களுக்கு அந்தப் பக்க மூக்குதான் சுலபமா வரும், நீங்களும் இங்க சேர்ந்தப்ப அப்படித்தான் வரைஞ்சீங்க" என்று மேலதிகாரியம்மா சிரித்துவிட்டு, "இது யாரு, அடிக்கடி வர்றாங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா, மேடம், அவ தைக்கும்போது வரைஞ்சது." "சரி, அக்காவை அந்தப் பக்கம் திருப்பு, பார்ப்போம்" என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

நெற்றி வந்தது, மூக்கு கிளிமூக்காக வளைந்தது, போகட்டும், கன்னம்… காதோரச் சுருள்முடி அந்தப் பக்கமும் உண்டா, மச்சம் ஏதாவது? வீட்டில் தையல் மெஷின் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, அக்காவுக்கு அந்தப் பக்கம் சுவர்தான், தினமும் அதே முக்காலியில் உட்கார்ந்து அதே கன்னத்தைத்தானே வரைந்தாள், கொஞ்சம் ஆடாம இரேன்க்கா என்றால், "ஆடாம இருந்தா துணியை யாருடி தைப்பா, உன் பென்சிலா?" என்பாள் அக்கா… இந்தக் கன்னத்தையே திருப்பிப் போட்டுவிட்டால் என்ன, இவர்களுக்கு எப்படித் தெரியும், யார் போய் அக்காவைப் பார்க்கப் போகிறார்கள், சுருளுக்குப் பென்சிலை வைத்தும்விட்டாள், கை நகரவில்லை.

"என்ன, கைக்கு வரலையா?"

"கைக்கு வரும் மேடம். அந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அது நல்லதா கெட்டதா, ஏன் உளறினோம், கன்னமில்லாத அந்த முகத்தை மட்டும் மேலதிகாரியம்மா தனியே எடுத்து வைத்தார், குப்பைக்கா, கோப்புக்கா… "அடுத்தவங்களை வரச் சொல்லும்மா." எழுந்தாள், நாற்காலி இடித்தது, தைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா திடீரென்று மெஷினை நிறுத்துவாள், சுவர்ப்பக்கக் கன்னத்தைத் தோளில் அழுத்தித் துடைப்பாள், கோடு கெட்டுவிட்டதென்று இவள் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறாள்… வியர்வைதானே அது?